இமயத்தில் விசிலடிக்காத ராம்கி

கோச்சடையில் ராம்கி எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவது ஊர் வழக்கம். அவர் கெட்டவரில்லை. கைமாத்துக் கேட்கிறவரும் இல்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட். இருபது வருஷத்துக்கு மேலாக ஊர் ஜனத்திடம் "நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா" என்று பேச்சை ஆரம்பித்து வருகிறார். அந்த "ஆச்சுன்னா"வுக்கு அடுத்த வார்த்தையை நின்று கேட்டவர் எவருமில்லை. டீக்கடை பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். துட்டி வீட்டில் மட்டும் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். அதுவும், போனவர் பாலிசி ஏதாவது போட்டிருந்தாரா என்று அவர் விசாரிக்கிற வரைக்கும்தான்.

வீட்டிலும் நிலைமை இதேதான். மனைவி மீனா மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேஸ் சிலிண்டர், குளியலறை வழுக்கல், தலைமாட்டில் சார்ஜ் ஏறும் செல்போன், அவசரமாக விழுங்கும் ஆட்டுக்கறி என்று ஒரு நாளைக்கு ஒரு ஆபத்தையாவது ராம்கி அவளுக்கு எடுத்துச் சொல்லாமல் இருந்ததில்லை. இந்த வீட்டில் எல்லோரும் உயிரோடு இருப்பது தன் முன்னெச்சரிக்கையால்தான் என்று அவர் நம்பினார். அது தற்செயல் என்று மீனா நம்பினாள்.

இப்படிப்பட்டவருக்குப் பனிமலை வாய்த்தது விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனி, நன்றாக ஆள் பிடித்த ஏஜென்ட்டுகளை இமாச்சலத்துக்குப் பரிசாகக் கூட்டிக்கொண்டு போனது. மற்ற ஏஜென்ட்டுகள் கம்பளித் தொப்பி மாட்டி, பனியை உருண்டை பிடித்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ராம்கியும் அதைத்தான் செய்தார். ஒரு வெள்ளைச் சரிவைக் குறுக்கே நடந்து கடந்து, அந்தப் பக்கம் நின்று டீ குடித்தார். குடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், வந்த வழியைக் காணோம். தன் காலடித் தடத்தோடு சேர்த்து அந்தச் சரிவே கழன்று கீழே பள்ளத்தில் குவிந்து கிடந்தது. அதுவரை சாவைப் பற்றிக் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த தாளில் மட்டும் படித்திருந்த மனிதர், அன்றைக்கு அதன் முதுகை நேரில் பார்த்தார்.

மதுரைக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. மறு வருஷம் சொந்தச் செலவில் போய், பனிச்சரிவு பற்றிய வகுப்பில் உட்கார்ந்து படித்து, தேறியும் வந்துவிட்டார். வைகைக் கரையில் இந்தப் படிப்புக்கு என்ன மதிப்பு என்பதை மே மாத வெயிலில் நின்று யோசித்துப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

அதன் மதிப்பு உயர ஒரு சந்தர்ப்பம் வந்தது. கோச்சடையில் காலையில் நடக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கம், தன் பத்தாம் ஆண்டு நிறைவை இமயமலையில் கொண்டாடுவது என்று தீர்மானம் போட்டது. சங்கத் தலைவர் விருமாண்டி. ஒத்தக்கடைப் பக்கம் வயலை வாங்கிக் கல் நட்டு பிளாட்டாக விற்கிறவர். "சதுரகிரியே ஏறி இறங்கியாச்சு. இமயமலை என்ன, அதைவிடக் கொஞ்சம் குளிரும், அம்புட்டுதானே" என்றார். கூட்டம் கை தட்டியது. மீனாவும் பேர் கொடுத்தாள். மார்ச் மாதம், அதுவும் பனிக்குள் நடப்பது என்று தெரிந்ததும் ராம்கிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சங்கத்தில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்.

"பனி பெய்யிறதைப் பார்த்துப் பயந்துறாதீங்க. பெஞ்சு ஓஞ்சதும் காத்தடிக்கும் பாருங்க, அப்பப் பயப்படுங்க" என்று ஆரம்பித்தார். "மலைக்கு அங்கிட்டு விழுந்த பனியையும் காத்து அள்ளிக்கிட்டு வந்து இங்கிட்டுச் சரிவுல கொட்டும். காத்து படாத பக்கம், பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். அடியில பழைய பனி சீனி மாதிரிப் பொலபொலன்னு கெடக்கும். சீனியைக் கொட்டி அதுமேல டைல்ஸ் ஒட்டினா நிக்குமா? நாம ஏறி மிதிச்சா, மிதிச்ச எடம் மட்டும் உடையாது. தரை பூராம் கழண்டு நம்மளையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்."

"ஒட்டினது யாரு, நம்ம மொக்கையனா?" என்று விருமாண்டி கேட்டார். மொக்கையன் அவருடைய வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டும் கொத்தனார். "அவன் சிமிண்ட்டுல ஒட்டினதே நிக்கலையே மாப்ள."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ராம்கி பொறுமையாக, மாடிப்படி அளவுக்குச் சாய்ந்த வெள்ளைச் சரிவு எதிலும் பனி பெய்த மறுநாள் கால் வைக்கக் கூடாது, வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் கடந்த பிறகு அடுத்தவர் என்று ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும் என்றார்.

"ஒத்த ஒத்த ஆளாவா?" என்றாள் கனகா. விருமாண்டியின் மனைவி. "வெளியூர்ல, மலையில, தனியாவா விடுவீங்க?"

சபை அதை ஆமோதித்தது. மதுரைப் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் ஒருவர் தனியாகப் போனதில்லை. பொண்ணு பார்க்க ஒரு வேன், ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்க்க இரண்டு ஆட்டோ, பாஸ்போர்ட் வாங்கப் போகிறவனைக்கூட வழியனுப்ப நாலு பேர். ஆபத்து என்றால் நெருங்கி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஜனத்திடம், ஆபத்து என்றால் விலகி நில்லுங்கள் என்று ஒருவர் வந்து சொன்னால், சொல்கிற ஆளைத்தான் சந்தேகப்படுவார்கள்.

"ஒரு சந்தேகம் அண்ணே" என்று எழுந்தார் நைனா முகமது. கோரிப்பாளையத்தில் பை, பெட்டி விற்கும் கடை வைத்திருப்பவர். "எங்க பய ஷாகிர் ஒரு படத்துல பார்த்திருக்கான். ஒருத்தன் கத்துறான், மலையே எறங்கி வந்துருது. நெசமா?"

"அது சினிமா பாய். சத்தத்துக்கும் சரிவுக்கும் சம்பந்தமே கிடையாது. கனம்தான் சங்கதி. நம்ம கனம், காத்து கொண்டாந்து போட்ட பனியோட கனம்."

"சத்தம்" என்று பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். "ஆமா, சத்தம் ஆகாது" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசியதில், இல்லை என்று அவர் மறுத்த ஒரே ஒரு விஷயத்தைச் சங்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"எல்லாஞ் சரி மாப்ள" என்று விருமாண்டி நன்றியுரை சொன்னார். "இதுக்குப் பிரீமியம் எம்புட்டுன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே."

ராம்கி விடவில்லை. புதைந்தவரைத் தேடி எடுப்பதையாவது பழக்கிவிடலாம் என்று, தண்ணியில்லாத வைகை மணலில் ஒரு சாக்கு மூட்டையைப் புதைத்து, கம்பியால் குத்தித் தேடவும் மண்வெட்டியால் தோண்டவும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். காலை வேளையில் ஆற்றுக்குள் மண்வெட்டியோடு ஐந்து பேர் இறங்கினால் அதற்கு மதுரையில் ஒரே அர்த்தம்தான். அந்த வழியாக வந்த போலீஸ்காரர் பைக்கை நிறுத்தினார். பனிச்சரிவுக்குப் பயிற்சி எடுக்கிறோம் என்று ராம்கி உண்மையைச் சொன்னார். மணல் அள்ளுகிறவர்கள் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருந்த அந்த மனிதர், இதைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டார். பயிற்சி அத்தோடு முடிந்தது. மூட்டை இன்னும் ஆற்றுக்குள்தான் இருக்கிறது.

மார்ச் மாதம் வந்தது. இமாச்சலத்தில் ஒரு மலைக்கிராமத்தில் போய் இறங்கினார்கள். இறங்கியதும் பனி கொட்டத் தொடங்கியது. இரண்டு நாள் விடவில்லை. ரம்மி ஆடினார்கள், ஊறுகாய் காலியானது. இரண்டாம் நாள் ராத்திரி காற்று தகரக் கூரையைப் பிடுங்குவது போல அடித்தது. விடிந்தால், ஆகாயம் கழுவிவிட்ட மாதிரி நீலம். மரம், கல், வேலி எல்லாம் வெள்ளை. கல்யாண ஆல்பத்துக்கு ஆர்டர் கொடுத்துச் செய்தது போன்ற காலை. ராம்கி அண்ணாந்து மலை முகட்டைப் பார்த்தார். அங்கே வெள்ளைப் புகை இந்தப் பக்கம் நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. காற்று பனித்தூளை அள்ளி வந்து இந்தப் பக்கச் சரிவில் கொட்டுகிற புகை அது.

"மீனா, நீ மட்டுமாவது இன்னைக்கு ரூம்லயே இரு" என்றார்.

"உங்ககூட ஒரே ரூம்ல உக்காந்து உங்க பேச்சைக் கேக்கிறதுக்குப் பனியே தேவல" என்று அவள் பூட்ஸை மாட்டினாள்.

வழிகாட்டி நேகி உள்ளூர்க்காரர். அதிகம் பேசாதவர். இன்றைக்கு மேலே போக முடியாது, தேவதாருக் காட்டுக்குள் மட்டும் நடக்கலாம், மரத்தை விட்டு வெளியே ஒரு எட்டும் வைக்கக் கூடாது என்று இந்தியிலும் சைகையிலும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். காட்டின் விளிம்பு வரும்போது கனகாவுக்குத் தலை சுற்றியது. நேகி அவளைக் கைத்தாங்கலாகக் கீழே வழியோரத்தில் இருந்த ஒரு குடிசைக்குக் கொண்டுபோனார். போகும்போது ராம்கியைப் பார்த்து, நான் வரும்வரை எல்லோரும் இங்கேயே, இந்த மரங்களுக்குள்ளேயே, என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எல்லோரும் இங்கேயேதான் நின்றார்கள், ராம்கி ஒதுங்கப் போகிற வரைக்கும். நாலு அடுக்கு உடுப்பு போட்ட மனிதருக்கு அந்தக் காரியம் சீக்கிரத்தில் முடிகிறதல்ல. ஜிப்பை ஏற்றிவிட்டு மரத்தைச் சுற்றி வந்தால், சங்கத்தைக் காணோம்.

காட்டுக்கு வெளியே, இரண்டு மரவரிசைக்கு நடுவில், மேலே முகட்டிலிருந்து கீழே ஓடைப்பள்ளம் வரைக்கும் ஒரு மரம்கூட இல்லாத அகலமான சரிவு. வருஷா வருஷம் பனி இறங்கி இறங்கி மரத்தையெல்லாம் வழித்துக்கொண்டு போன தடம் அது என்பது ராம்கிக்குத் தெரியும். விருமாண்டிக்குத் தெரிந்தது வேறு. மரம் வெட்டி, மேடு பள்ளம் இல்லாமல் சுத்தம் பண்ணி வைத்த இடம். அவர் தொழிலில் இதைவிட நல்ல மனையைப் பார்த்ததில்லை. முகட்டின் ஓரத்தில் காற்று கட்டிவைத்த பனி, வெளியே துருத்திக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறார். அதைச் சன்ஷேடு என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் இடிக்க, ஒரே வரிசையாகப் பாதிச் சரிவுக்குப் போய்விட்டிருந்தார்கள். முன்னால் இரண்டு பேர் சங்கத்தின் பத்தாம் ஆண்டு பிளெக்ஸைச் சுருட்டித் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். பன்னிரண்டு அடி அகலம், நடுவில் விருமாண்டி படம், சுற்றிலும் மற்றவர்கள் படம். அதை விரிக்க ஆள் வேண்டும், பின்னணிக்கு வெள்ளை வேண்டும். மரத்தடியில் விரித்தால் ஊரில் எடுத்த மாதிரி இருக்கும் என்று தலைவர் சொல்லிவிட்டாராம்.

ராம்கியை உலுக்கியது அதுகூட இல்லை. அவர்கள் பேசாமல் போனார்கள். பஸ்ஸில், ரயிலில், விமானத்தில், தூக்கத்தில்கூடப் பேசிக்கொண்டே வந்த கூட்டம், மூச்சுச் சத்தம் கேட்காமல், பூனை மாதிரி, கவனமாக, பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும், மலை ஒன்றும் செய்யாது என்பது அவர்கள் நம்பிக்கை.

வரிசையின் கடைசியில் மீனா. மரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருந்தாள்.

"ஏய் மீனா" என்று ராம்கி கூப்பிட்டார். ஒன்பது தலைகள் ஒன்றாகத் திரும்பின. ஒன்பது விரல்கள் ஒன்பது உதடுகள் மேல் போய் நின்றன. நைனா முகமது இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

அந்த நேரத்தில் ராம்கிக்கு வந்த கோபம் அவர் ஆயுசில் வந்ததில்லை. ஓடிப்போய் ஒவ்வொருவரையும் காதைப் பிடித்து இழுத்து வரலாம் என்றால், அந்தச் சரிவில் இன்னொரு ஆளின் கனத்தை ஏற்ற அவருக்கு மனம் துணியவில்லை. கடைசி மரத்தைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: "மீனா, அப்படியே திரும்பி வா. வந்த தடத்துலயே வா. முன்னாடி இருக்கவங்ககிட்டயும் சொல்லு, ஒவ்வொருத்தரா வரணும்."

மீனா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிலிண்டர் இல்லை, குளியலறை இல்லை. அவள் வரவில்லை. முன்னால் இருந்தவர் காதில் சொன்னாள். அவர் அடுத்தவர் காதில். சேதி காது காதாகப் போய் விருமாண்டியிடம் சேர்ந்து, பதில் அதே வழியில் திரும்பி வந்தது.

"படம் எடுத்துட்டு வாரேங்கிறாரு" என்று மீனா மெதுவாகச் சொன்னாள்.

"படம் எடுக்கிற எடமா இது? இப்பவே வரச் சொல்லு."

சேதி போனது. வந்தது.

"பிளெக்ஸைப் பிரிச்சாச்சாம். திரும்பச் சுருட்டினா மடிப்பு விழுந்துருமாம்."

ராம்கி தன் படிப்பை எல்லாம் மூட்டை கட்டி ஓரமாக வைத்தார். வலது கைக் கையுறையைக் கழற்றினார். இரண்டு விரலை மடக்கி நாக்குக்கு அடியில் கொண்டுபோனார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வைகையின் அந்தக் கரையில் நிற்கிறவனைத் திரும்பிப் பார்க்க வைக்கும் விசில் அது. விருமாண்டிக்கு அது நன்றாகத் தெரியும்.

"அவருகிட்டச் சொல்லு. ஒவ்வொருத்தரா இப்பத் திரும்பி வரலைன்னா, நான் விசிலடிச்சிருவேன்."

சேதி போகப் போக வரிசையில் ஒவ்வொரு முகமாக வெளுத்தது. விருமாண்டி விறைத்து நின்றார். பதில் இந்தத் தடவை வேகமாக வந்தது.

"பாலிசி எடுத்துக்கிறேங்கிறாரு" என்றாள் மீனா. "கனகாக்கா பேர்லயும் சேர்த்து. கைய மட்டும் வாயில இருந்து எடுக்கச் சொல்றாரு."

ராம்கியின் தொழில் வாழ்க்கையில், கேட்காமலே ஒருவர் பாலிசி எடுக்க முன்வந்தது அதுதான் முதல் தடவை. அவர் விரலை எடுக்கவில்லை. இன்னொரு கையால், வா என்று சைகை காட்டினார்.

மீனா வந்து சேர்ந்தாள். அடுத்தவர் கிளம்பட்டும் என்று ராம்கி கையைக் காட்டினார். நைனா முகமது ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். அடுத்து ஒருவர், அதற்கு அடுத்து ஒருவர். மரத்துக்குள் வந்தவர்கள் ராம்கியை வெடிகுண்டைப் பார்ப்பது போலப் பார்த்துச் சுற்றிப் போனார்கள். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. கடைசியில் பிளெக்ஸோடு விருமாண்டி மட்டும் நின்றார். பிளெக்ஸின் ஒரு கம்பைப் பனியில் குத்தி வைத்திருந்தார். அதைப் பிடுங்கவா விடவா என்று அவர் கை தவித்தது. ராம்கி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். விருமாண்டி கம்பை விட்டுவிட்டு வந்தார்.

அவர் முதல் மரத்தைத் தொடும்போது, காலுக்கடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். பெரிய அரிசி மூட்டையைக் குடோன் தரையில் போட்டது போல. மேலே, முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையில் ஒரு கோடு கிழிந்தது. சரிவு முழுவதும் அவசரமே இல்லாமல் நகரத் தொடங்கி, துண்டு துண்டாக உடைந்து, பிறகு ஒரே பாய்ச்சலாகப் பள்ளத்தில் போய் விழுந்தது. விருமாண்டி உள்பட அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு இருந்த பிளெக்ஸ், ஒரு தடவை எழுந்து நின்று, உள்ளே போனது. பனித்தூள் அடங்க நேரமானது. மீனா ராம்கியின் ஜாக்கெட் முதுகுப்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை.

ராம்கி ஆட்களை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். ஓடி வந்த நேகியும் எண்ணினார். எண்ணி முடித்து, பள்ளத்தைப் பார்த்து, அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பேசியது நைனா முகமதுதான். "அதான் நீங்க சொன்னபடி திரும்பி வந்துட்டோம்ல அண்ணே. பெறகு எதுக்கு விசிலடிச்சீங்க?"

"நான் எங்க பாய் அடிச்சேன்?"

"மூச்சை இழுத்தீங்களே."

"கொஞ்சமா ஊதிட்டாப்ல" என்று பின்னால் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். விருமாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேசினாரே, அது போதாதா. எம்புட்டு நேரமா நொய்நொய்னு பேசிக்கிட்டே இருந்தாரு" என்றார். சீனி, டைல்ஸ், காற்று என்று ராம்கி ஆரம்பித்தார். நேகியைச் சாட்சிக்கு இழுத்தார். நேகிக்குத் தமிழ் தெரியாது. சங்கம் ராம்கியைத் தனியே விட்டுவிட்டு, நெருக்கமாக, ஒரே கூட்டமாகக் குடிசையை நோக்கி நடந்தது.

மதுரைக்கு அவர்களுக்கு முன்னால் கதை வந்து சேர்ந்துவிட்டது. கோச்சடை இன்சூரன்ஸ்காரர் ஒரு விசிலில் இமயமலையில் ஒரு பக்கத்தைச் சரித்துவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாலிசி விஷயத்தை விருமாண்டி மறுபடி எடுக்கவேயில்லை. டீக்கடையில் ராம்கியைக் கண்டு எழுந்து போவது மட்டும் நின்றுபோனது. பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த சங்கக் கூட்டம், காலை நடை முடிந்து டீக்கடை வாசலில் நடந்தது. வருகிற மார்ச்சிலும் அதே ஊர், அதே கிராமம் என்று விருமாண்டி அறிவித்தார். விட்ட படத்தை எடுக்காமல் விடுவதில்லையாம். புது பிளெக்ஸ் பதினைந்து அடி. மீனா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராம்கி அண்ணன் வாராரா?" என்று ஒருவர் இழுத்தார்.

"வந்தாகணும்" என்றார் விருமாண்டி. "கோவத்தோட ஊருல விட்டுட்டுப் போனா, போன்ல கத்துனாக்கூட ஆபத்து. கூடவே வச்சுக்கிறதுதான் நல்லது. அவரு வேணாம்ங்கிற எடத்துக்குப் போக வேணாம், எப்படிப் போகச் சொல்றாரோ அப்படிப் போயிருவோம். வாயை மட்டும் அவரு தொறக்கக் கூடாது."

நைனா முகமது மட்டும் நியாயஸ்தர். "இருங்கண்ணே. அன்னைக்கு வகுப்புல அவரு வேற மாதிரில்ல சொன்னாரு. ராம்கி அண்ணே, நீங்களே நெசத்தைச் சொல்லுங்க. சத்தத்துக்கு மலை சரியுமா, சரியாதா?"

பாய்லர் மட்டும் இரைந்தது. ராம்கி வாயைத் திறந்தார். சரியாது பாய் என்ற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் இந்தக் கூட்டம் நிம்மதியாகச் சிரிக்கும். மார்ச்சில் பதினைந்து அடி பிளெக்ஸோடு, ஒருவர் இடுப்பை ஒருவர் இடிக்க, சளசளவென்று பேசிக்கொண்டே அதே சரிவுக்குள் போகும். மீனாவும் போவாள். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஊர் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

"சரியும்" என்றார்.

"நான் சொல்லல?" என்றார் விருமாண்டி.

"லேசாப் பேசினாலே சரியும். கூட்டமாப் போனா சீக்கிரம் சரியும்" என்று ராம்கி பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தார். நைனா முகமது, புரிந்தது என்று தலையை ஆட்டி உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக, ராம்கி கைகாட்டிய பிறகு மட்டும், என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

மீனா அவரோடு வீட்டுக்கு நடந்தாள். முக்கு திரும்பியதும், "விடை சரி. போட்ட வழி பூராம் தப்பு" என்றாள். "இப்படி எழுதினா எங்க ஸ்கூல்ல பாதி மார்க்குதான் போடுவோம்."

மீதிப் பாதிக்காக ராம்கி வாசல் வரைக்கும் அவளோடு வாதாடிக்கொண்டே போனார். அவள் கொடுக்கவில்லை.